செட்டிநாட்டு நிறுவனங்களில் கணினியும் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், புதுவயல் வட்டாரத்துக் கடைகள், ஆலைகள், பள்ளிகள், விடுதிகள், அறக்கட்டளைகள் ஆகியவற்றில் சிஸ்டம் பராமரிப்பது என் வேலை. எதை வாங்கலாம் என்று கேட்பவர்களைவிட, வாங்கியதை ஒழுங்காக ஓட்ட முடியாமல் தவிப்பவர்கள்தான் இங்கே அதிகம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எங்களிடம் இருப்பதே ஐந்தாறு சிஸ்டம்தான். இந்தப் பராமரிப்புப் பேச்செல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே?

பெரிய கம்பெனியில் ஒரு சர்வர் படுத்துவிட்டால் ஓடி வந்து பார்க்கத் தனி ஆட்கள் இருப்பார்கள். சின்ன இடத்தில் அந்த வசதி கிடையாது. புதுவயல் பக்கம் ஓர் அரிசி ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். எடைமேடையோடு இணைந்த ஒரே ஒரு சிஸ்டம் நின்றால் போதும், நெல் லாரிகளின் வரிசை ரோட்டுக்கு வந்துவிடும். ஆகவே எத்தனை சிஸ்டம் என்று எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. எது நின்றால் வேலை நிற்கும், நின்றால் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம், அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளில் எல்லா வரிக்கும் நேரே ஒரே ஆளின் பெயர் வந்தால், அடுத்த கேள்வி உங்களுக்குத்தான்.

எல்லாப் பாஸ்வேர்டும் ஒரு தம்பிக்குத்தான் தெரியும். அவர் அடுத்த மாதம் வேலையை விட்டுப் போகிறார். என்ன கேட்டு வாங்க வேண்டும்?

இந்த வட்டாரத்தில் நான் பார்க்கும் சிக்கல்களில் முதலிடம் இதற்குத்தான். அந்தத் தம்பி நல்லவராகவே இருப்பார். வருடக்கணக்காக எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிட்டு, எதையும் எழுதி வைக்கச் சொல்லாதது நிர்வாகத்தின் குறை.

பாஸ்வேர்டு பட்டியல் மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். பாஸ்வேர்டை மறந்தால் மீட்பதற்கான மொபைல் எண்ணும் மெயிலும் யாருடையவை என்பதுதான் முக்கியம். உங்கள் இணையதளத்தின் முகவரியான டொமைன் பெயரை அவர் தன் சொந்த ஜிமெயிலில் பதிந்திருக்கலாம். அது காலாவதியாகும்போது நினைவூட்டல் அவருக்குத்தான் போகும். ஜிஎஸ்டி தளத்துக்கான ஓடிபி அவர் போனுக்கு வந்துகொண்டிருக்கலாம். கணக்கு எழுதும் மென்பொருளான டேலியின் உரிமத்துக்கு நிர்வாகி மெயில், கூகுள் மேப்பில் உங்கள் கடையின் பக்கம், முகநூல் பக்கம், ஆன்லைன் முன்பதிவுத் தளங்களில் விடுதியின் கணக்கு, சிசிடிவி ரெக்கார்டரின் பாஸ்வேர்டு, ரௌட்டரின் அட்மின் பாஸ்வேர்டு, பேங்க் கணக்கில் அவருக்குக் கொடுத்த அனுமதி, முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து உள்ள டிஎஸ்சி டோக்கன், எல்லாமே இந்தப் பட்டியலில் வரும். டோக்கனை அலுவலக மேசை டிராயரில் போட்டு, அதன் ரகசிய எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவைத்திருக்கும் இடங்கள் உண்டு. அது முதலாளியின் கையெழுத்து. டிராயரைத் திறப்பவர் எவரும் அவர் பெயரில் கையெழுத்துப் போடலாம்.

செய்ய வேண்டிய முறை இது: நிறுவனத்தின் பெயரில் ஒரு மெயில், நிறுவனத்தின் பெயரில் ஒரு சிம். எல்லாக் கணக்கையும் அந்த இரண்டுக்கும் மாற்றுங்கள். அவர் இருக்கும்போதே, அவர் முன்னாலேயே, இன்னொருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் நுழைந்து பார்க்க வேண்டும். போகும் நாளன்று அவருடைய அனுமதிகளை நீக்குங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார், பின்னால் ஏதாவது ஆனால் தன் மேல் பழி வராது என்பதால் அவருக்கும் நிம்மதிதான்.

இது நம் ஊருக்குத் தெரியாத பழக்கமும் இல்லை. பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி நடந்த காலத்தில் ஏஜென்டுகள் பெரும்பாலும் மூன்று வருடத் தவணைக்குத்தான் போனார்கள். பொறுப்பாளரான மேலாள், அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாள், வேலை கற்கும் பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக ஆள் இருந்ததால், கணக்கு தெரிந்தவர் ஒருவரோடு நிற்கவில்லை. கணக்கின் நிலையைக் காட்டும் ஐந்தொகை கடல் தாண்டி முதலாளிக்கு வந்துகொண்டே இருந்தது. ஆள் மாறுவது உறுதி என்று தெரிந்தே அமைத்த ஏற்பாடு அது. உங்கள் ஆபீசுக்கும் ஓர் அடுத்தாள் வேண்டும்.

தினமும் பேக்கப் எடுக்கிறோம். அது போதாதா?

எடுக்கிறீர்கள், சரி. கடைசியாக எப்போது திருப்பிப் போட்டுப் பார்த்தீர்கள்?

கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்துவிட்டார். பேக்கப்புக்கு அவர்களிடம் ஐந்து வழிகள் இருந்தன. அவசரத்துக்கு ஒன்றுகூட நினைத்தபடி கைகொடுக்கவில்லை. யாரோ தற்செயலாகச் சில மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த ஒரு நகலால் தப்பித்தார்கள். அப்படியும் ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். தங்களுக்கு நடந்ததை மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள், அதனால்தான் நமக்கு இது தெரியும்.

நம் ஊரில் நடப்பது இன்னும் எளிமையானது. மாலை கடை அடைக்கும்போது டேலியில் பேக்கப் கொடுப்பார்கள். அது அதே சிஸ்டத்தின் டி டிரைவில் விழும். ஹார்டு டிஸ்க் போனால் சி டிரைவும் போகும், டி டிரைவும் போகும். இரண்டும் ஒரே தகட்டின் இரண்டு பாகங்கள். இன்னும் சிலர் எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, அதை எப்போதும் செருகியபடியே விட்டுவிடுவார்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துத்தான் பூட்டும்.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது உலகெங்கும் சொல்லும் விதி. இதை இப்படிச் செய்யலாம்: ஓடும் சிஸ்டத்தில் இருப்பது ஒன்று. இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்குகளை வாரம் மாற்றி வாரம் பயன்படுத்தி, சும்மா இருக்கும் டிஸ்க்கை முதலாளி வீட்டில் வைப்பது இரண்டாவது. இணையச் சேமிப்பகமான கிளவுடில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய நகல் மூன்றாவது. மாதத்தில் ஒரு நாள் அந்த நகலை வேறொரு சிஸ்டத்தில் திருப்பிப் போடுங்கள். டேலியைத் திறந்து, குறிப்பிட்ட தேதியின் ரொக்க இருப்பைப் பாருங்கள். அன்றைக்கு அச்செடுத்து வைத்த தாளில் உள்ள தொகையும் இதுவும் ஒன்றாக இருந்தால்தான் உங்களிடம் பேக்கப் இருக்கிறது என்று அர்த்தம். ஃபைல் இருக்கிறது, தேதியும் சரியாக இருக்கிறது என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். உள்ளே ஒன்றுமே இல்லாத பேக்கப் ஃபைலுக்கும் இன்றைய தேதி இருக்கும்.

அரசாங்கமே இதில் சறுக்கியிருக்கிறது. தென்கொரியாவில் டேஜோன் நகரத்து அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பரில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் அளவுள்ள சேமிப்பகம் எரிந்தது. அளவு பெரிது என்பதைக் காரணமாகச் சொல்லி அதற்கு வெளி நகல் எடுக்கவே இல்லை. தீ தொடங்கிய இடம் யுபிஎஸ் பேட்டரி.

பேட்டரி என்றதும் கேட்கிறேன். யுபிஎஸ் வைத்திருந்தும் கரண்ட் போனால் சர்வர் நின்றுவிடுகிறதே?

யுபிஎஸ்ஸில் உள்ள ஈய அமில பேட்டரிக்குச் சூடு ஆகாது. 25 டிகிரியில் அதற்குச் சொல்லும் ஆயுள், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ பாதியாகும். காரைக்குடி மே மாத வெயிலில், மாடிப்படிக்கு அடியில், காற்றே போகாத மூலையில் வைத்தால் நாலைந்து வருடம் வர வேண்டிய பேட்டரி இரண்டு வருடத்தில் தீர்ந்துபோகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

மாதம் ஒரு தடவை, வேலை முடிந்த பிறகு, மெயின் சுவிட்சை அணைத்து எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். அந்த நிமிடத்தை யுபிஎஸ் மேலேயே தேதியோடு எழுதி ஒட்டுங்கள். எண் குறைந்துகொண்டே வந்தால் பேட்டரிக்குப் பணம் ஒதுக்க வேண்டிய நேரம். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. தாளைச் சூடாக்கும் நேரத்தில் அது இழுக்கும் மின்சாரம் மிக அதிகம். யுபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு ஒரு யுஎஸ்பி வயர் போகும். பெரும்பாலும் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அதை மாட்டி, பேட்டரி குறையும்போது சர்வர் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும்படி அமையுங்கள். டேட்டா கெட்டுப்போவதில் பெரும் பங்கு திடீரென அணைவதால் வருவது.

எர்த் பற்றியும் சொல்ல வேண்டும். நம் செம்மண் கோடையில் காய்ந்து இறுகிவிடும். அப்போது எர்த் குழி வேலை செய்யாது. எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குழிக்குத் தண்ணீர் ஊற்றவோ, குழியையே புதுப்பிக்கவோ வேண்டும். பேட்டரி ஆராய்ச்சியில் பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியில்தான் இருக்கிறது. அந்த ஊரில் பேட்டரியைக் கவனிக்காமல் விட்டுச் சர்வரை இழப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

பழைய வீட்டை விடுதியாக மாற்றியிருக்கிறோம். முகப்பில் வைஃபை இருக்கிறது, உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் இல்லை. பெரிய ரௌட்டர் வாங்கலாமா?

வேண்டாம். நம் வீடுகளின் சுவர் கனம் உங்களுக்கே தெரியும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீளம் வேறு. எத்தனை ஆன்டெனா உள்ள ரௌட்டரானாலும் இரண்டு மூன்று சுண்ணாம்புச் சுவரைத் தாண்டி ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலை போகாது. ஒவ்வொரு கட்டுக்கும், வைஃபையைப் பரப்பும் கருவியான அக்சஸ் பாயின்ட் ஒன்று வைத்து, அவற்றை லான் கேபிளால் இணைப்பதே வழி. வீட்டு முற்றமான வளவின் திறந்த வானம் இதற்கு உதவும். வளவு ஓரத்தில் வைத்தால் நாலு பக்க அறைகளுக்கும் ஓரளவு கிடைக்கும். கேபிள் ஓட்டம் 100 மீட்டரைத் தாண்டினால் நடுவே சுவிட்ச் வேண்டும், அல்லது ஃபைபர் போடலாம். தேக்கு உத்தரத்திலும் பழைய சுண்ணாம்புப் பூச்சிலும் துளை போடாதீர்கள். மேல்மாடி வழியாகவோ, ஏற்கெனவே போயிருக்கும் மின் குழாய்ப் பாதைக்கு இணையாகத் தனிக் குழாயிலோ கொண்டுபோகலாம். இன்னொன்று: விருந்தினர் வைஃபையும் பில் போடும் சிஸ்டமும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது.

விருந்தினரின் ஆதார், பாஸ்போர்ட் படங்களை ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வைக்கிறோம். தவறா?

தவறுதான். நிறுத்திவிடுங்கள். அந்தக் குரூப்பில் இருக்கும் ஒவ்வொருவரின் போனிலும், வேலையை விட்டுப் போனவரின் போனிலும் அந்தப் படம் இருக்கும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்துவது, தேவை முடிந்ததும் அழிப்பது, கசிந்தால் சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்வது என்பவை அதன் சாரம். தகுந்த பாதுகாப்பு வைக்காமல் இருந்ததற்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டியது தனிக் கடமை, அதற்குப் பாஸ்போர்ட் விவரம் வேண்டும்தான். ஆனால் பதிவு முடிந்த பிறகு நகல் ரிசப்ஷனில் கிடக்கத் தேவையில்லை. ஆதாருக்கு, கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் அறக்கட்டளையின் உறுப்பினர் பட்டியலைப் புதிய சாஃப்ட்வேருக்கு மாற்றினோம். பாதி எழுத்து புரியவில்லை, மீதியில் ஒரே பெயர் பல முறை வருகிறது. ஏன்?

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

பழைய பட்டியலை, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு இல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பார்கள். அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள். எழுத்துருதான் அவற்றைத் தமிழ் வடிவத்தில் காட்டியது. எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் குப்பையாகத் தெரியும், தேடினால் கிடைக்காது, அகர வரிசையும் வராது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது, ஆனால் நம் அலுவலகங்களில் பழைய கோப்புகள் அப்படியே இருக்கின்றன. மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கும். ஒரு கவனம் மட்டும் வேண்டும்: ஒரே கட்டத்தில் தமிழ்ப் பெயரும் ஆங்கில முகவரியும் கலந்திருந்தால், கருவி ஆங்கிலத்தையும் தமிழாக்க முயன்று குழப்பிவிடும். ஆகவே முதலில் எக்செல்லில் எழுத்துரு வாரியாகப் பிரித்து, தமிழ் உள்ளவற்றை மட்டும் மாற்றுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் செய்யுங்கள்.

பெயர் திரும்பத் திரும்ப வருவது கோளாறே இல்லாமலும் இருக்கலாம். பேரனுக்கு ஐயா பெயரை வைக்கிறோம். பெயருக்கு முன் போடும் குடும்ப முதலெழுத்துகளான விலாசமும் அதேதான். ஒரே வீட்டில், ஒரே விலாசத்தில், ஒரே பெயரில் இருவர் இருப்பது இங்கே சாதாரணம். வெளியூரில் செய்த சாஃப்ட்வேர் இதைப் பார்த்து, இரட்டிப்புப் பதிவு என்று ஒன்றை நீக்கச் சொல்லும். நீக்கிவிட்டால் ஒரு புள்ளியே, அதாவது கல்யாணமான ஒருவரின் குடும்பமே, கணக்கிலிருந்து போய்விடும். கோயில் வரியும் அழைப்பிதழும் அந்தக் குடும்பத்துக்குப் போகாது. பெயரை அடையாளமாக வைக்காதீர்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் மாறாத ஓர் எண் கொடுங்கள். மகனுக்குக் கல்யாணமாகிப் புதுப் புள்ளி வரும்போது புது எண், அதோடு தந்தையின் எண்ணையும் ஒரு கட்டத்தில் குறிக்கலாம். கணினியில் ஏற்றிய பட்டியலை, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை உட்கார வைத்து வரிவரியாகச் சரிபாருங்கள். எந்தக் கருவியும் அவர்கள் அளவுக்குச் சரியாகச் சொல்லாது.

டேலி ஓடும் சர்வரைச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் முதலாளி பார்க்க வேண்டும் என்கிறார். நேராகத் திறந்து விடலாமா?

கூடாது. மாறாத இணைய முகவரியான ஸ்டேடிக் ஐபி வாங்கி, தொலைவிலிருந்து சிஸ்டத்தை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 என்ற வாசலை ரௌட்டரில் திறந்துவிடுவது இங்கே வழக்கமாக இருக்கிறது. உலகம் முழுவதும் அந்த வாசலைத் தேடித் தட்டிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. ரான்சம்வேர் நுழையும் பிரதான வழிகளில் அது ஒன்று. பூட்டிய தனி இணையப் பாதையான விபிஎன் வைத்து, அதற்கும் ஓடிபி போன்ற இரண்டாம் சரிபார்ப்பு வைத்து, அப்புறம்தான் உள்ளே விட வேண்டும். முதலாளிக்குக் கூடுதலாக அரை நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

ரான்சம்வேர் வந்துவிட்டது. ஃபைல் எதுவும் திறக்கவில்லை. இப்போது என்ன செய்வது?

லான் கேபிளைப் பிடுங்குங்கள். வைஃபையை அணையுங்கள். மற்ற சிஸ்டங்களுக்கும் இதையே செய்யுங்கள். பேக்கப் டிஸ்கை எக்காரணம் கொண்டும் அதில் செருகாதீர்கள். நெட்வொர்க்கிலிருந்து பிரிக்க முடிந்தால் சிஸ்டத்தை அணைக்காமல் விடுவது நல்லது, நினைவகத்தில் தடயம் இருக்கும். பிரிக்கவே முடியாவிட்டால் அணைத்துவிடுங்கள். திரையில் வரும் மிரட்டல் செய்தியைப் போனில் படம் எடுங்கள்.

உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். 'நோ மோர் ரான்சம்' என்று ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் உள்ளிட்டோர் 2016-இல் தொடங்கிய தளம் இருக்கிறது. சில வகைகளுக்கு அங்கே இலவசமாகவே திறவுகோல் கிடைக்கும். கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, இப்படிப்பட்ட சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். பணம் பேங்கிலிருந்து போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும். கேட்ட பணத்தைக் கொடுத்தால் ஃபைல் திரும்ப வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

அப்டேட் போட்டால் ஏதாவது கெட்டுவிடும் என்று பயம். போடாமல் இருக்கலாமா?

பயத்தில் நியாயம் இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. ஆனால் 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வான்னாகிரை, அதற்கு இரண்டு மாதம் முன்பே மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அப்டேட்டைப் போடாத கணினிகளைத்தான் தாக்கியது. ஆகவே போடுங்கள், முறையாகப் போடுங்கள். முதலில் ஒரு சிஸ்டத்தில், இரண்டு நாள் கழித்து மற்றவற்றில். ஜிஎஸ்டி கட்டும் 20-ஆம் தேதியை ஒட்டியோ, முகூர்த்த நாள் கூட்டத்திலோ வேண்டாம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பில் போடும் சிஸ்டம் இன்னும் அதில் ஓடினால் இந்த வருடச் செலவில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

ஆடிட்டர் 'ஆடிட் டிரெயில்' கேட்கிறார். அது என்ன?

யார், எப்போது, எந்த வவுச்சரை, என்னவாக மாற்றினார் என்ற பதிவு. கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம், அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். ஆனால் எல்லோரும் ஒரே பெயரில் உள்ளே நுழைந்தால் இந்தப் பதிவுக்குப் பொருளே கிடையாது. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுங்கள்.

ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது எதைப் பார்க்க வேண்டும்?

அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் வருவார், எதெல்லாம் உள்ளே, பேட்டரியும் ஹார்டு டிஸ்கும் சேர்ந்ததா, பேக்கப்பைத் திருப்பிப் போட்டுக் காட்டுவாரா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் எல்லாப் பாஸ்வேர்டும் உங்கள் கையில் வந்துவிட வேண்டும் என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். அந்த வரிக்குத் தயங்குபவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள், அவர் என் நண்பராக இருந்தாலும் இதையே சொல்வேன்.

பழைய பதிவுகளை எத்தனை வருடம் வைக்க வேண்டும்?

ஜிஎஸ்டி கணக்குகள், ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்கள் எட்டு நிதியாண்டு. செர்ட்-இன் உத்தரவு பொருந்தும் இடங்களில் சிஸ்டம் பதிவுகள் 180 நாள். அவற்றில் நேரம் சரியாக இருக்க, கணினிக் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையத்தின் நேரத்தோடு இணைக்கச் சொல்கிறது அதே உத்தரவு. சிசிடிவி ரெக்கார்டரின் கடிகாரத்தையும் அப்போதே சரிசெய்துவிடுங்கள். பழைய சாஃப்ட்வேரை விட்டுவிட்டாலும், அதைத் திறந்து படிக்கும் ஒரு சிஸ்டத்தை இந்தக் காலம் முடியும்வரை நெட்வொர்க்கில் சேர்க்காமல் வைத்திருங்கள்.